ரிலேயில் காய்ந்த சந்தனம்

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். ஸ்டோர் கதவு திறந்ததும் கேமரா காட்சியை டேப்பில் பதியவைக்கும் ரிலே பெட்டியை நான்தான் பொருத்தினேன். ஆயுத பூஜையன்று பெட்டியைத் திறந்து அந்த ரிலேவுக்கும் சந்தனம் வைத்தேன்.

மறுவாரம் ஸ்டோரில் செம்புக் கம்பி காணாமல் போனது. லோடுமேன் முனுசாமி மேல் பழி விழுந்தது.

"டேப்பப் போட்டுப் பாரு சார், வெறுங்கையோடதான் வந்தேன்."

டேப்பில் ஒன்றுமே பதிவாகவில்லை. மேனேஜர் அவனை வேலையிலிருந்து நீக்கினார்.

பெட்டியைத் திறந்தேன். ரிலேயின் முனைகள் ஒட்டாதபடி நடுவே என் சந்தனம் காய்ந்திருந்தது. மகளை அப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயந்து, அதைச் சுரண்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டருகே முனுசாமி என் தோளைத் தட்டினான். "உடு அண்ணாத்தே, மிஷின் பூட்ச்சின்னா நீ இன்னா பண்ணுவே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவனுக்கும் படிக்கிற மகள் இருந்தாள். அது எனக்கு அன்றே தெரியும்.