ஹாட்டிங்கனில் சிவந்த சுவர்

எசனில் இத்தனை வருடம் இருந்தும் ஹாட்டிங்கன் பக்கம் போக எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. எங்கள் பழைய அயலவர் வசந்தி அக்கா அங்கே பாதுகாக்கப்பட்ட மரச்சட்ட வீடொன்றின் கீழ்த்தளத்தில் தேநீர்க்கடை திறக்க இருந்தார்.

"வெள்ளன வாங்கோ தம்பி. பதினொரு மணிக்கு டெர்மின் குடுத்திருக்கினம். பழைய கட்டடம் பாக்கிற ஒஃபிஸ்காரர் வருகினம். அவை ஓம் எண்டாத்தான் கடை" என்றார் தொலைபேசியில்.

எசனில் எஸ்3 ரயில் ஏறினால் அரை மணிநேரப் பயணம். மாதச் சீட்டு இருந்ததால் செலவில்லை. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பழைய நகருக்குள் கால் வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை! கறுத்த மரச்சட்டங்கள், இடையே வெள்ளைச் சுவர்கள், தெருவை எட்டிப் பார்க்கும் மேல்மாடிகள். இஸ்திரிப்பெட்டி வடிவில் ஒரு வீடுகூட உண்டு. அரை மணிநேரத்தில் எண்பது படம் எடுத்துவிட்டேன்.

இராகு காலத்துக்கு முன், 10.20க்கு, அக்கா பால் காய்ச்சினார். வாசல் நிலைக்கு மஞ்சள் வைக்க வேண்டுமே. மரத்தில் கைவைக்க ஏலாது என்று அக்கா சொல்லியிருந்தார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, குழைத்த மஞ்சளை மூன்று விரலால் பக்கத்துச் சுவரில் இழுத்துவிட்டேன்.

கண்ணெதிரே அது இரத்தச் சிவப்பானது.

"ஐயோ தம்பி, முந்தாநாள்தான் சுண்ணாம்பு அடிச்சது!"

துடைக்கத் துடைக்க அகலமானது. ஒரு வருடமாக அந்த அனுமதிக்காக அலைந்தவர் அக்கா. சரியாகப் பதினொரு மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். சிவப்பைப் பார்க்கும் முன்பே சுவரைத் தடவி, "மிகவும் வழவழப்பாக இருக்கிறதே, சுண்ணாம்புதானா? சாதாரண பெயின்ட் என்றால் அனுமதி இல்லை" என்றார் ஜெர்மனில். பிறகு சிவப்பைக் கண்டார். முகம் மாறியது.

அக்கா அசையவில்லை. "எங்கள் ஊரில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்துதான் ஆலத்தி கரைப்போம். சுண்ணாம்பு என்றால்தான் சிவக்கும்" என்று ஜெர்மனில் விளக்கி, மஞ்சளைத் தொட்டு, புதிதாக நிறுத்திய, சாதாரண பெயின்ட் அடித்த சமையலறைத் தடுப்பில் வைத்தார். மஞ்சளாகவே இருந்தது.

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கிண்ணத்தில் விரலை நனைத்து, என் மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் தானே ஒன்று இழுத்தார். சிவந்தது. வாய்விட்டுச் சிரித்தார். கையெழுத்தும் போட்டார்! நான் அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: தட்டையான சப்பாத்து போடுங்கள், தெரு முழுக்கக் கருங்கல். மூன்று மணிநேரம் ஒதுக்குங்கள். அக்காவின் இஞ்சித் தேநீர் இரண்டு யூரோ ஐம்பது. படம் எடுங்கள், எதையும் தொடாதீர்கள், குறிப்பாக என்னைப்போல மஞ்சள் கையோடு.

கோடுகளை மறைத்துச் சுண்ணாம்பு அடிக்கும்படி அதிகாரி சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அப்போதே தூரிகையைத் தூக்கினேன். அக்கா அதைப் பறித்து மூலையில் வைத்தார்.

"அடிக்கச் சொன்னவா, எப்ப எண்டு சொல்லேல்லையே. அவவின்ர விரலும் கிடக்குது, கிடக்கட்டும்."