செத்த நிலையில் எண்ணெய் பார்க்கவும்

கருகிய கியர் எண்ணெயின் நாற்றம் வந்தால் எனக்கு இன்றும் குமட்டும். அழுகிய மீன் நாற்றத்தைக்கூடச் சகித்துக்கொள்வேன், இதை முடியாது.

சர்க்கரை நோயில் என் அண்ணனின் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவருடைய பழைய லாரி மட்டும் மிஞ்சியது. கனகசெட்டிக்குளத்திலிருந்து குருசுக்குப்பம் வரை படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோகிற லாரி. விற்றுவிட்டு வீட்டில் உட்காரச் சொன்னவர்களை எல்லாம் திட்டித் தீர்த்தார். "நான் வண்டி ஓட்டலன்னா செத்துடுவேன்டா" என்றார் என்னிடம். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை மாட்டிவிட்டால் வலது கால் போதும் என்று முடிவானது.

பிள்ளைச்சாவடி ரோட்டோரப் பட்டறையில் ஒரு மெக்கானிக் ஒத்துக்கொண்டார். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. பாக்கு மென்று துப்புவார், துப்பிய இடத்திலேயே ஸ்பானரை வைப்பார், எண்ணெய்க் கையோடு வடை தின்பார். பழைய இரும்புக் கடையில் ஒரு பிரெஞ்சு வேனின் கியர் பெட்டியைத் தேடிப் பிடித்து, லாரி எஞ்சினோடு இணைக்க லேத்தில் தகடு கடைந்து, பத்து நாள் மல்லுக்கட்டி மாட்டினார். அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியோடு கறை படிந்த ஒரு தாள் வந்தது. முழுக்கப் பிரெஞ்சு. வீட்டில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான் ஒருவன்தான். எண்ணெய் அளவு பார்ப்பதைப் பற்றிய வரியில் 'புவான் மோர்' என்று இருந்தது.

"மோரா? எண்ணெய்க்குப் பதிலா மோர் ஊத்தணுமா சார்?" என்று மெக்கானிக் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புவான் என்றால் நிலை, மோர் என்றால் செத்தது. 'செத்த நிலையில் எண்ணெய் பார்க்கவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"இன்ஜின் ஓடும்போது பாக்கணும்னு எவனோ சொன்னானே சார்."

"எழுதினத செய்ங்க. இங்க பிரெஞ்சு படிச்சது யாரு?"

எஞ்சினை அணைத்துவிட்டு அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கோடு வரை எண்ணெய் இருந்தது. ஆக்சிலேட்டர் கேபிளைத் திருகித் திருகி, கியர் சரியான வேகத்தில் மாறும்வரை சரிபண்ணினார்.

இரண்டு நாள் அண்ணன் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். மூன்றாம் நாள் பிள்ளைச்சாவடி தாண்டும்போது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. அடியில் புகை. அண்ணன் ஊன்றுகோலோடு ரோட்டோரத்தில் நின்று, ஐஸ் உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் ஓடிவந்து பெட்டியின் அடிமூடியைத் திறந்தார். கன்னங்கரேலென்று எண்ணெய் கொஞ்சம்தான் வடிந்தது. "எண்ணெய் பத்தல. உள்ள பிளேட்டெல்லாம் தீஞ்சிபோச்சி." "விளக்கெண்ணெய்!" என்று நான் கத்தினேன். அவர் நான் எழுதிய தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்தேகம் தட்ட, ஒதுங்கிப் போய்க் கைபேசியில் அந்த இரண்டு சொற்களைத் தேடினேன்.

புவான் மோர் என்றால் நியூட்ரல். எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில் இருக்க, அப்போது அளவு பார்க்க வேண்டும். அணைத்தால் எண்ணெயெல்லாம் கீழே இறங்கி, நிறைய இருப்பதுபோலக் காட்டும்.

"எவன்டா எண்ணெய் அளவு பாத்தது?" என்றார் அண்ணன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் என் கையெழுத்துத் தாள் மடித்தபடி இருந்தது. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். என் வாயில் கொழுக்கட்டை.

"நான்தாண்ணே. தப்பா பாத்துட்டேன்" என்றார். அன்று அவர் பாக்கைத் துப்பவில்லை, விழுங்கிக்கொண்டார்.

அந்தப் பெட்டிக்கு வேறு பிளேட் கிடைக்கவில்லை. லாரி வீட்டுப் பக்கத்தில் துருப்பிடித்து நிற்கிறது. அண்ணன் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் அந்த மெக்கானிக்கைத் திட்டுகிறார். நான் ஆமாம் போடுகிறேன்.