பழைய போர்டில் ஓட்டிப் பார்க்காத பன்னிரண்டு வரிகள்

அக்காவுக்கு மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்று, நான் பாச்சாங் வட்டாரத்தில் எங்கள் கம்பெனியின் மாடி ஆபீசில் உட்கார்ந்து, நான் எழுதிய பன்னிரண்டு வரிகளைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா வேலை செய்தது கையுறைத் தொழிற்சாலையில். பீங்கான் கைகள் வரிசையாக நகர்ந்து வரும்; ஒவ்வொன்றிலும் ரப்பர் உறை ஒட்டியிருக்கும். சரியான நொடியில் மிசின் காற்றடித்து உறையைத் தளர்த்தும். பெண்கள் உருவி எடுப்பார்கள். கிழித்தால் கடிதம், மூன்று கடிதம் சேர்ந்தால் அந்த மாதக் கடைசியோடு வேலை போய்விடும். ஆறாம் வகுப்போடு அவள் நின்றதால்தான் நான் பாலிடெக்னிக் வரை போனேன்.

எப்போது காற்றடிப்பது என்று அந்த மிசினுக்குச் சொல்லும் சிறு கணினிப் போர்டு எங்கள் கம்பெனியுடையது. அதில் எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடும் கெர்னல் என் பொறுப்பு. போர்டுகள் இரண்டு வகை, சிப்பும் வேறு வேறு. பீங்கான் கை இருக்கும் இடத்தைச் சொல்லும் எண் நான்கு துண்டாக வரும்; அதைப் பழைய சிப் கடைசியிலிருந்து அடுக்கும், புதியது முதலிலிருந்து. அதனால் எனக்கு முன்னால் இருந்தவர் நிரல் முழுக்க, பழையது என்றால் இப்படி, புதியது என்றால் அப்படி என்று கிளை கிளையாகப் பிரித்து வைத்திருந்தார். படித்தால் தலை சுற்றும். நான் எல்லாவற்றையும் வெட்டினேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து நாமே அடுக்கிக்கொண்டால் எந்தச் சிப்பிலும் விடை ஒன்றுதான். பன்னிரண்டே வரி. மேஜையில் இருந்த புதிய போர்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே நிரல்தானே என்று இரண்டுக்கும் சேர்த்துச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவின் தொழிற்சாலையில் இருந்தது பழைய போர்டு; போன வாரமே என் வரிகள் அதில் ஏறிவிட்டன.

"காத்து அடிக்க மாட்டேங்குது லா," என்றாள் அன்று சாயங்காலம், நகங்களைப் பார்த்தபடி. "மூணு கைக்கு ஒரு கை சும்மா வருது. நகத்தால இழுத்தா கிழியாம என்ன செய்யும்?"

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. பேப்பர எடுத்துக் காட்டுறாரு. மிசின் ஓக்கேன்னு ஒன் தம்பியே சைன் போட்டிருக்கானேங்கிறாரு."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் அலமாரியிலிருந்து பழைய போர்டை எடுத்து ஓட்டினேன். என் பன்னிரண்டு வரிகளை அந்த மெதுவான சிப் முடிப்பதற்குள் அடுத்த பீங்கான் கை கடந்துபோகும் நேரமாகிவிட்டது. விடை சரிதான். நேரம்தான் தவறிவிட்டது.

"பழைய கிளையெல்லாம் திரும்பப் போட்டுரவா சார்?" என்று தலைமை எஞ்சினியரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர்.

"மூண்டாவது சிப் வரப்போகுது தம்பி. அதுக்கும் ஒரு கிளை விடுவீரோ?"

கத்தலாம் போலிருந்தது. என் அக்காவின் வேலை போகிறது, இவருக்கு நிரலின் அழகு. ஆனால் அந்த அழகுக்கு ஆசைப்பட்டவன் நான்தானே. இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். பொது நிரல் எண்ணைக் கேட்கும், எந்தச் சிப் என்று அதற்குத் தெரியாது. பதில் சொல்லும் வேலை ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தனிக் கோப்பில். பழைய சிப்புக்கு அந்த எண் அதன் வரிசையிலேயே வந்தது. அடுக்கவே வேண்டாம், ஒரே எடுப்பு. இந்த முறை பழைய போர்டிலும் ஓட்டினேன். ஒரு கைகூடத் தவறவில்லை.

புதிய நிரல் ஏற்றிய சிப்பையும், நடந்ததை எழுதிய ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். தாளை ஆபீசில் யாருக்கும் காட்டவில்லை.

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். "அப்ப முந்தி போட்ட சைன் பொய்யா?"

"பொய் இல்ல சார். பாக்காம போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

மூன்றாவது கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். முதல் இரண்டும் கோப்பில்தான் இருக்கும் என்றார். அவையும் என் வரிகள் ஓடிய நாள்களில் வந்தவையே. சொன்னேன், கை காட்டி வெளியே அனுப்பினார். இன்னும் ஒன்று வந்தால் அக்கா வெளியே. எனக்கும் ஆபீசில் என்ன காத்திருக்கிறதோ தெரியாது.

வேலை முடிந்து அக்கா வாசல் கேட் அருகில் வந்தாள். விரல் நுனிகளில் பிளாஸ்டர்.

"இனிமே ஒழுங்கா காத்து அடிக்குமா?"

"அடிக்கும்க்கா."

"சைன் போட்டுத் தருவியா?" என்றாள். சிரிக்கவில்லை.