முன்சீட்டுக்காரியின் படம்

சிலமலையிலிருந்து குரங்கணி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போற ஜீப்புல முன்சீட்டு என்னுது. ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போறவ நான். நான் ஏறாம ஒருத்தியும் ஏற மாட்டா, அதுதான் எங்க ஜீப்பு வழக்கம்.

போன வருசம் போடியில பொம்பளைகளுக்கு முகாம் போட்டாங்க. கர்ப்பப்பை வாய்ல புத்துநோய் வர்றதுக்கு முந்தியே, சின்னக் கேமராவுல பார்த்துக் கண்டுபிடிச்சிரலாமாம். தோட்டத்துல சோலி இல்லாத நாளாப் பார்த்து, எல்லாரையும் கொண்டுபோய் இறக்கினேன். கேமரான்னு கேட்டதும் வாசல்லயே நின்னுட்டாளுக.

"அங்கன போயா படம் எடுப்பாங்க? யாரு போனுக்காவது போயிருச்சுன்னா மானம் போயிருமேக்கா!" ன்னா ஒருத்தி.

எனக்கு வந்துச்சே கோவம்! "அடி கூறுகெட்டவளுகளா, நான் முன்னாடி போறேன், வாங்கடி"ன்னு உள்ள போயிட்டேன். நமக்கென்ன இருக்கப்போகுதுங்கிற திமிரு வேற.

நர்சம்மா வினிகர் மாதிரி ஒரு மருந்தைத் தடவி, கொஞ்ச நேரம் பொறுத்து, லைட்டு வச்ச கேமராவைப் பிடிச்சாங்க. திரையில ரோஸ் நிறத்துல ஒரு வட்டம். அதோட ஓரத்துல வெள்ளையா ஒரு திட்டு.

"இது புத்துநோய் இல்லம்மா. ஆனா விட்டுவச்சா ஆகலாம். இப்பவே சின்ன வைத்தியத்துல சரிபண்ணிறலாம்" ன்னாங்க, திரையைப் பார்த்த டாக்டரம்மா.

ஆத்தாடி, நமக்கா இதுன்னு நினைச்சுக்கிட்டே வெளிய வந்தேன்.

வாசல்ல அத்தனை பேரும் என் மூஞ்சியவே பார்க்குறாளுக. உள்ளதைச் சொன்னா பயந்துபோய் ஊருக்குத் திரும்பிருவாளுக. ஒண்ணுமில்லன்னு சொன்னா, 'உனக்கே இல்ல, எங்களுக்கு எதுக்கு'ன்னு அதுக்கும் திரும்பிருவாளுக. திரும்ப உள்ள போயி, என் படத்தை என் போனுக்கே அனுப்பச் சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

"பாருங்கடி, இதுதான் என் படம். இதுல என் மூஞ்சி தெரியுதா? இந்த வெள்ளைதான் தெரியுது. வலியில்ல, ஒண்ணுமில்ல. இதைப் பார்க்காட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது. வைத்தியம் பண்ணிக்கப் போறேன்."

போனை வாங்கிக் கைமாத்திக் கைமாத்திப் பார்த்தாளுக. அப்புறம், மானத்தைப் பத்திப் பேசினாளே, அவதான் முதல்ல உள்ள போனா. பின்னாடியே அத்தனை பேரும் போனாளுக. எனக்கு அழுகையும் பெருமையுமா வந்துச்சு.

சொன்னபடி வைத்தியம் பண்ணிக்கிட்டேன். இந்த வருசம் மறுபடி போயி படம் எடுத்தேன். வட்டம் முழுக்க ரோஸ் நிறம், ஒரு திட்டு கிடையாது. "பழைய படத்தை அழிச்சிரலாம்க்கா"ன்னு நர்சம்மா சிரிச்சாங்க.

அழிப்பேனா? பக்கத்து ஊரு ராசிங்காபுரத்து ஜீப்புக்காரிக இன்னும் கேமராவுக்குப் பயந்துக்கிட்டுத்தான் கிடக்காளுக. நாளைக்கு அவளுக கிட்ட ரெண்டு படத்தையும் காட்டணும்.