படத்தில் மட்டும் ஓட்டு வீடு

திருவொற்றியூர்க் கடற்கரையில் மூன்று கால் பலகையை ஊன்றுகிறவன் சர்வேயர்தான் என்பதில் அந்நாளில் குப்பத்துக்குச் சந்தேகமே கிடையாது. தண்டவாளமோ கிடங்கோ எண்ணெய்த் தொட்டியோ, எது வந்தாலும் அதற்கு முன்னால் அந்தப் பலகை வந்திருக்கிறது. ஆகவே, சித்திரப் பள்ளியில் படித்த என் நண்பர் கண்காட்சிக்குக் கடல் படம் வரைய அங்கே பலகையை நிறுத்தியதும் ஊரே திரண்டது.

அவருக்கு வேண்டியதெல்லாம் மணலும் நீரும் காலை வெளிச்சமும்தான். கரையோரக் குடிசையில் இருந்த மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என் வூடு எங்க நைனா?"

"அது படத்துல வராதும்மா."

"வராதா? நாளிக்கு நஷ்டஈடு குடுக்கசொல்லோ இங்க வூடே இல்லன்னு எய்திடுவானுங்க. போடு."

அவர் போடவில்லை. மறுநாள் முதல் அவள் பலகைக்கு நேர் எதிரே கழி நட்டு வலை காயப்போட்டாள். கடல் மறைந்துபோயிற்று.

நண்பர் என்னிடம் ஓடிவந்தார். நான் அப்போது தாலுகா ஆபீசில் நில எடுப்புப் பிரிவு குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை போய், முதலில் கெஜட் அறிவிப்பு, பிறகு நோட்டீஸ், ஆட்சேபணை, விசாரணை, அதன் பிறகே இழப்பீடு, இவை இல்லாமல் ஒரு கீற்றைக்கூட யாரும் தொட முடியாது என்று ஒன்று விடாமல் விளக்கினேன். குப்பமே கூடி நின்று கேட்டது.

"ஆபீசுலேர்ந்தே ஆளு வந்து சொல்லிக்கினு கீது. அப்போ நெசந்தான்" என்றாள் அவள்.

நண்பர் சரணடைந்து குடிசையை வரைந்தார். அவள் விடவில்லை.

"ஓலைக்கு இன்னாத்த குடுப்பான்? ஓட்டு வூடா போட்டுடு."

பொய்யான விவரம் தருவது குற்றம் என்று நான் ஆரம்பித்தேன். வலை விலகினால் போதும் என்றிருந்த நண்பர் அதற்குள் சிவப்பைக் குழைத்து ஓடு வேய்ந்துவிட்டார். வலையும் விலகியது. நாலடி பின்னால் போய் நின்று படத்தைப் பார்த்தவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். அந்த ஒரு பொட்டுச் சிவப்பு விழுந்த பிறகுதான் அவருடைய கடல் தூரமாகவும் ஈரமாகவும் தெரிந்தது.

மகிழ்ச்சி மிகுந்தால் சிலருக்கு உண்மை பேசத் தோன்றும். உன் வீட்டை யாரும் எடுக்கப் போவதில்லை, இது சுவரில் மாட்டுகிற படம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

"அப்போ இத்தினி நாளு இன்னாத்துக்கு வரைஞ்சே?"

"பாக்க அழகா இருக்குன்னுதான்."

அவள் படத்தைப் பார்த்தாள், குடிசையைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"அயகுக்குன்னா ஓலையே போதும் நைனா. நம்ம வூடு மாதிரியே இர்க்கட்டும். ஓட்ட எடுத்துடு."

நண்பர் படத்தைத் தூக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனார். ஒருமுறை பதிந்த விவரத்தை மனு இல்லாமல் மாற்ற முடியாது என்றேன்.

"நீதான ஆபீசு. மனுவ நீயே எய்திக்கோ."

படம் கண்காட்சியில் ஓட்டோடுதான் தொங்கியது. அவளுடைய மனு இன்றுவரை என்னிடம் நிலுவையில் இருக்கிறது.