டில்லி மருந்து, மெட்ராஸ் படகு

அறுபதுகளின் நடுவில் மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். முதல் மாதமே கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் நடுத்திட்டில் இருந்த ஒரு மீனவக் குப்பம் எனக்கு வாய்த்தது. அங்கே வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். வலை போட ஆளில்லை. டி.டி.டி. கொசு மருந்து மூட்டைகள் கரைக்கு வந்துவிட்டன. பம்ப் அடிக்கிற ஆட்களும் தயார். ஏற்றிப்போக சர்க்கார் செலவில் படகுதான் இல்லை.

காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். மருந்து மத்திய அரசின் பங்கு. அதைக் கொண்டுபோய் அடிக்கிற செலவு மாநிலத்தின் பங்கு. படகு வாடகைக்கு சாங்ஷன் கேட்டால், "மத்தியத் திட்டம், அங்கே கேட்கவும்" என்று மெட்ராஸ் சொன்னது. "ஏரி மாநிலத்துடையது" என்று டில்லி சொன்னது.

வேலைப் பரீட்சைக்காக அரசியல் சட்டத்தின் அதிகாரப் பட்டியல்களை நெட்டுருப் போட்டவன் நான். அந்தத் திமிரில், மருந்துக்காகத் திட்டிலிருந்து வந்து கரையில் காத்திருந்த குப்பத்து ஜனங்களுக்கு ஈர மணலில் இரண்டு வட்டம் போட்டு விளக்கினேன்.

"இது டில்லி, இது மெட்ராஸ். வருமான வரி, கலால் வரி அங்க போகுது. விற்பனை வரி இங்க. அங்கேருந்து ஒரு பங்கு திரும்பி வரும்..."

தேசம்மா என்கிற பெண், காய்ச்சலில் கிடந்த புருஷனைத் திட்டில் படுக்கவைத்துவிட்டு வந்தவள், பொறுமையாகக் கேட்டாள்.

"மருந்து டில்லிது, படகு மெட்ராஸ்து. நீ யாரூட்டு ஆளு நைனா?"

"சம்பளம் மெட்ராஸ்தாம்மா. ஆனா அதுலயும் ஒரு பங்கு..."

"அத்த அப்பால சொல்லு. எங்க ஊட்டுக்காரு படுத்துகினு கீறாரு, படகு சும்மாதான் கீது. மூட்டைய ஏத்து. நானும் என் தம்பியும் இட்டுனு போறோம்."

சாங்ஷன் இல்லாமல் ஏறக்கூடாது என்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்துக்குப் பொறுப்பு நான் ஆயிற்றே என்று பேன்ட்டை மடித்துக்கொண்டு ஓடினேன். ஏறும்போது வழுக்கி இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டேன். அவள் தம்பி என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். மூட்டையோடு மூட்டையாகத் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுச் சுவரிலும் மருந்தடித்து, மாத்திரையும் கொடுத்தோம். சில வாரங்களில் காய்ச்சல் அடங்கியது. தேசம்மாவின் புருஷன் எழுந்து வலைக்குப் போனார்.

நான் பெருமையாக ரிப்போர்ட் எழுதினேன். "பொதுமக்கள் ஒத்துழைப்பால் படகு இலவசமாகக் கிடைத்தது." அடுத்த வருஷ பட்ஜெட்டில் படகு வாடகை என்று நான் கேட்டிருந்ததையே அடித்துவிட்டார்கள். திருவள்ளூர் ஆபீசில் போய்க் கேட்டேன். மேலதிகாரி சிரிக்கவில்லை. "சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குய்யா பணம்? நீதானே எழுதியிருக்க?" என்றார்.

அடுத்த ரவுண்டு மருந்தடிக்க, தேசம்மாவின் புருஷனிடமே போய் நின்றேன்.

"இந்த தபா எந்த சர்க்காரு படகு சார்?" என்றார்.

நான் பேன்ட்டை மடிக்க ஆரம்பித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, குந்து சார்" என்றார். அன்றைக்கு அவர் வலை போடவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு சர்க்கார் ஒரு திட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டால், இரண்டு பங்கிலும் வராத செலவு ஒன்று கட்டாயம் இருக்கும். அதை முதலிலேயே கண்டுபிடித்துக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அதை ஜனங்கள்தான் கட்டுவார்கள். அதற்கு ரசீதும் கிடையாது.