மேலேயிருந்து பார்த்த ஹெலி

"உனக்கு அதில என்னடி கிடக்கு?" இந்த வசந்தத்தில் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மனோர் பார்க்கில் எங்கள் கூரைக்கு மேலே பொலிஸ் ஹெலிகொப்டர் சுற்றினால் என் மூன்று வயது மகள் ஜன்னலுக்கு ஓடிக் கை காட்டுவாள். அம்மா பின்னாலேயே வந்து திரைச்சீலையை இழுத்து மூடுவார். அந்த வீட்டில்தான், ஹெலியில் மலையுச்சிக்குப் போய்ப் பனியில் சறுக்கி இறங்கப்போகிறேன் என்று சொன்னேன்.

"ஹெலியைக் கண்டா ஓடி ஒளிச்ச சனம் நாங்கள். நீ காசு குடுத்து ஏறப்போறியோ?" என்றார் அம்மா. கணவர் மட்டும் "போயிட்டு வாரும், பிள்ளையை நான் பாக்கிறன்" என்றார். பல்கலைக்கழகக் காலத்திலிருந்து தோழிகளோடு பனிச்சறுக்குப் பழகியவள் நான். ஆனாலும் பயணப்பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். ஒரு தாய் இதெல்லாம் செய்யலாமா? எனக்கு ஏதும் நடந்தால் பிள்ளைக்கு யார்?

வசந்தத்தில் ஏன் போகவேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது பனி இரவில் கல்லாக இறுகிவிடும். காலை வெயிலில் மேற்பரப்பு மட்டும் இளகி, வறுத்த ரவைபோலப் பருக்கை பருக்கையாக வரும். அதன்மேல் கால் தானாகவே வழுக்கும். உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடவேண்டும், பிந்தினால் சரிவே பெயர்ந்து வரலாம். மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இல்லாத, யாரும் மிதிக்காத அந்தச் சரிவுகளுக்கு ஹெலிதான் வழி.

இத்தாலிய மலையடிவாரத்தில் எங்கள் வழிகாட்டி மார்க்கோ விதிகளைச் சொன்னார். ஹெலி வரும்போது எல்லோரும் ஒன்றாகக் குந்தவேண்டும், தலையைக் குனியவேண்டும், எழும்பி ஓடக்கூடாது. சத்தம் பள்ளத்தாக்கில் கேட்டதும் தோழிகள் சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்தார்கள். நான் அதற்குள் முழங்கால் பனியில் புதையக் குந்தி, தலையைக் கைகளுக்குள் புதைத்துவிட்டேன். வாயைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். குண்டு விழுந்தால் காது அடைக்காமலிருக்க, ஐந்து வயதில் பதுங்குகுழிக்குள் அம்மா சொல்லித்தந்தது அது.

மார்க்கோ என் தோளில் தட்டி, மிகச் சரியாகச் செய்தீர்கள், எங்கே பழகினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாழ்ப்பாணத்தில்."

"அப்படியா, அங்கே பனி நன்றாக இருக்குமா?"

தலையாட்டினேன். கதவு திறந்தது. நான் வரவில்லை என்ற சொல் தொண்டைவரை வந்தது. அந்தச் சத்தத்துக்குள் அது யாருக்கும் கேட்காது என்பதாலோ என்னவோ, ஏறிவிட்டேன்.

உச்சியில் இறங்கி மறுபடி குந்தினோம். விசிறியடித்த பனி முகத்தில் குத்தியது. சத்தம் விலகியதும் ஊரில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுப் பார்ப்போம். மார்க்கோவும் அப்படியே எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார். குரல் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன். ஹெலி எனக்குக் கீழே, பள்ளத்தாக்கில், ஒரு தும்பியளவில் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஹெலியை மேலேயிருந்து பார்ப்பது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

பிறகு நான் இறங்கிய வேகத்தை எப்படிச் சொல்வது! பனி சரசரவென்று விலக, வளைவுக்கு வளைவு துணிச்சல் ஏற, யாழ்ப்பாணத் தமிழில் கத்திக்கொண்டு முதலாவதாக அடிவாரம் வந்து சேர்ந்தேன். என் கால் கிழித்த கோடு சரிவு முழுக்க வெயிலில் மின்னியது. அது என்னுடையது.

தோழி எடுத்த வீடியோவை அம்மா இப்போது அடிக்கடி பார்க்கிறார், சத்தத்தை நிறுத்திவிட்டு. போன கிழமை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அடுத்த முறை நானும் வந்து கீழ நிண்டு பாக்க ஏலுமே?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து நித்திரை இல்லை. அடிவாரத்தில் நிற்பவருக்குத்தான் சத்தம் அதிகம். அம்மாவைக் கூட்டிப்போகலாமா? இப்படித் தாயைக் கூட்டிப்போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள்: ஹெலி வரும் நேரத்தில் நான் கீழே அவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டுமா, அல்லது மேலேயிருந்து நான் இறங்கி வருவதை அவர் பார்க்கவேண்டுமா?